ரோலில் மிஞ்சியது

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் புரியவே புரியாது. தாலி கட்டி ரெண்டு நாள் ஆகிறது, படம் ஏன் இன்னும் வரவில்லை என்று கடை வாசலில் வந்து நிற்பார்கள். கேமராவுக்குள் இருக்கிற ரோல் முழுக்கத் தீர்ந்தால்தான் அதை வெளியே எடுத்துக் கழுவ முடியும். கல்யாணம் முடிந்த பிறகும் கடைசி ரோலில் மூன்றோ நாலோ படத்துக்கு இடம் மிஞ்சிவிடும். அதை எதையாவது எடுத்துத் தீர்க்க வேண்டும். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் அடுத்த விசேஷம் வரை காத்திருப்பார்கள், அல்லது தெருவில் போகிற பிள்ளைகளை நிறுத்தி எடுப்பார்கள். என் வீட்டுக்காரர் மரத்தை எடுப்பார்.

மரம் என்றால் மரம் மட்டுமில்லை. மலை உச்சியில் பனி இறங்கி நிற்பது, அறுத்த வயலில் தேங்கிய தண்ணீர், குளத்துப் படியில் காலை வெயில், இப்படி எது கண்ணில் பட்டதோ அது. திருத்தணியில் ரயிலடியிலிருந்து மலைக்குப் போகிற தெருவில் எங்கள் ஸ்டுடியோ. உள்ளே ஒரு திரை தொங்கும். அதில் ஏரி, ரெண்டு அன்னம், பின்னால் பனிமலை எல்லாம் வரைந்திருக்கும். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் அந்தத் திரைக்கு முன்னால்தான் உட்காருவார்கள். நிஜ மலை வாசலில் நிற்கும், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே வருவார்கள். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அவருக்கு வாயே கிடையாது. அதற்கும் சேர்த்து எனக்கு இருந்தது.

நான் ஆர்.கே.பேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். அறுந்த இழையைக் கண்டுபிடித்துப் பிணைத்துப் பழகிய கண் என்பதால் டார்க் ரூம் வேலை எனக்குச் சீக்கிரம் படிந்துவிட்டது. கல்யாணமான புதிதிலேயே கழுவுவது, பிரிண்ட் போடுவது, பிரஷ் பிடித்துச் சரிசெய்வது எல்லாம் என் பொறுப்பாகிவிட்டது. அதனால் மிச்சப் படங்களும் என் தலையில்தான் விழுந்தன. பேப்பர் தண்டம், மருந்து தண்டம் என்று கத்துவேன். ஆளே இல்லாத படத்தை எவன் வந்து வாங்கப்போகிறான் என்று கேட்பேன். அவர் ஈரப் படத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு ஓரத்தைக் காட்டி, "இங்க பாரேன்" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு. அங்கே ஒரு கிளை வளைந்திருக்கும், அல்லது ஒரு பறவை நின்றுகொண்டிருக்கும். இதற்கா இந்த அலட்டல் என்று படத்தைப் பிடுங்கிக் கயிற்றில் மாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

பள்ளிப்பட்டுக்குப் போகிற வழியில், பஸ் ரோட்டை ஒட்டி ஒரு ஏரி. அந்தப் பக்கம் விசேஷத்துக்குப் போனால் திரும்பும்போது ஏரிக்கரையில் இறங்கிவிடுவார். ரோலில் மிஞ்சியதை அங்கே தீர்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் வருவார். ஒரு வருஷம் நல்ல மழை. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்து ஓடுவதை எடுத்து வந்தார். அதைப் பெரிதாகப் போடச் சொல்லி, ஷோகேஸில் ஒரு மாப்பிள்ளை பெண் படத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்து சண்டை போட்டார்கள். நான்தான் சமாளித்தேன், அவர் உள்ளே ஒளிந்துகொண்டார்.

அந்தப் படத்தை முதலில் அடையாளம் கண்டுகொண்டது அந்த ஏரிக்கரை ஊர்க்காரர் ஒருவர். ஏரியின் மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிற பொறுப்பு அவர் குடும்பத்துடையது. உர மூட்டைக்காகத் திருத்தணி வந்தவர், ஷோகேஸ் முன்னால் நின்றவர் நின்றபடியே இருந்தார். நான் வெளியே போய் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"இது எங்க ஏரிம்மா," என்றார். கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து, "இம்மாம் அழகாவா கீது?" என்றார்.

தினமும் விடிந்தால் அந்தத் தண்ணீரில் கால் வைக்கிற மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அந்த ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து, யார் வயல் எங்கே இருக்கிறது, ஓரத்தில் தெரிகிற பனைமரம் யாருடையது என்று கண்ணாடியில் விரலை வைத்துச் சண்டை போட்டார்கள். என் வீட்டுக்காரர் மடைக்காரருக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அண்ணன்.

அதற்கப்புறம் மழை ஏமாற்ற ஆரம்பித்தது. ஒரு வருஷம் போனது, இன்னொரு வருஷமும் போனது, ஏரியில் பாளம் பாளமாக மண் வெடித்தது. அப்போதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. அந்த ஊர்ப் பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, கடைத்தெருவுக்குப் போகும் முன்பு எங்கள் ஷோகேஸ் முன்னால் வந்து நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் உள்ளே வரவில்லை, எதுவும் கேட்கவில்லை. ஒரு அம்மாள் மட்டும் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு நான் ஒரு ஈரத் துணியை எடுத்துப்போய் அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன். அதற்கப்புறம் மிச்சப் படங்களுக்காக அவரை நான் ஒரு வார்த்தை திட்டியதில்லை.

இனி என் இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மற்றது புரியாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு உயிரோடு இருக்கும்போது படம் இருக்காது. செத்த பிறகு ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுப்பார்கள். சுவரில் மாட்டி மாலை போட ஒரு முகம் வேண்டுமே. ஆனால் கண் மூடியிருக்கும். அதைத் திறந்த மாதிரி பிரிண்டில் வரைந்து கொடுக்க வேண்டும். கண் திறப்பது என்று அதற்குப் பெயர். அதை நான்தான் செய்தேன். இறந்தவருடைய கண் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? கூடப்பிறந்தவரையோ மகனையோ எதிரே உட்காரவைத்து, அந்தக் கண்ணைப் பார்த்து இதில் எழுதுவேன். முடிந்ததும் அவர்கள் வாங்கிப் பார்த்து, அப்படியே உயிரோடு பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று அழுவார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்தான்.

வறட்சியின் மூன்றாம் வருஷம், பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன என் வீட்டுக்காரர், மறுநாள் மத்தியானம் திருத்தணி பஸ் நிலையத்தில் இறங்கி, கேமராப் பையைத் தோளிலிருந்து கழற்றாமல் அங்கிருந்த மேடையில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். அவரைத் தெரிந்த கண்டக்டர்தான் ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். நெஞ்சு வலி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லத்தான் வாய் கிடையாதே.

ஊருக்கெல்லாம் படம் எடுத்தவருக்கு ஒரு படம் இல்லை. எங்கள் கல்யாணத்தில் எடுத்த ரோலில் வெளிச்சம் புகுந்து எல்லாம் வெள்ளையாகிப் போனது. அதற்கப்புறம் எத்தனையோ முறை, உட்காருங்கள், நான் ஒன்று எடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். எடுக்கிறவனுக்கு எதற்குப் படம் என்று நழுவிவிடுவார். அதனால் என் பாவா, அதாவது அவருடைய அண்ணன், அரக்கோணத்திலிருந்து வேறொரு படக்காரரை வரவழைத்து, வழக்கப்படி நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கச் செய்தார். பிரிண்ட் மூன்றாம் நாள் வந்தது. பாவா அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு, காரியத்துக்குள் படம் மாட்டியாக வேண்டும் என்றார்.

"ஊருக்கெல்லாம் கண்ணு தொறந்தவ நீ. இத வேற யார்கிட்ட குடுக்கறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. வேறு ஒருத்தி என் புருஷனுக்குக் கண் எழுதினால் நான் விட்டிருப்பேனா? மையைக் கரைத்தேன், பிரஷின் நுனியைக் கூராக்கினேன். பாவா என் எதிரே வந்து உட்கார்ந்தார். அண்ணன் கண்ணைப் பார்த்துத் தம்பி கண்ணை எழுத வேண்டும் என்று அவருக்கே தெரியும். இமைக்காமல் உட்கார்ந்திருந்தார் பாவம், கண்ணீர் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது பாவாவின் கண். அவர் கண் இல்லை. எப்படி இல்லை என்று யோசித்தால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருடைய கேமரா, மேலே திறந்திருக்கும் கண்ணாடியைக் குனிந்து பார்த்து எடுக்கிற வகை. அவரை நினைத்தால் எனக்கு வருவது குனிந்த தலைதான். வகிடு தெரிகிறது, காது மடல் தெரிகிறது, பிடரியில் வெயில் கறுத்த இடம் தெரிகிறது. கண் வரவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கண் எழுதிய எனக்கு என் புருஷன் கண் ஞாபகம் இல்லை. அந்த அவமானம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று பாவாவிடம் பொய் சொன்னேன்.

மறுநாள் அந்தப் பள்ளிப்பட்டுக் கல்யாண வீட்டார் வந்தார்கள். துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவர்கள் பெண்ணின் கல்யாணம் கேமராவுக்குள் இருந்தது. பையைத் திறந்து பார்த்தேன். ரோல் தீர்ந்திருந்தது. அப்படியென்றால் அன்றைக்கும் ஏரிக்கரையில் இறங்கியிருக்கிறார்.

கழுவினேன். தாலி, மாலை மாற்றுவது, ஊர்வலம் எல்லாம் சரியாக வந்திருந்தன. கடைசி மூன்றில் வறண்ட ஏரி. முதல் ரெண்டிலும் கை அசைந்திருந்தது. அவர் கை அசைந்து நான் பார்த்ததே இல்லை, நெஞ்சில் ஏதோ செய்திருக்க வேண்டும். மூன்றாவது தெளிவாக இருந்தது. வெடித்த மண் காலடியிலிருந்து கரை வரைக்கும் போகிறது, தூரத்தில் ஒரு கோடு போலத் தண்ணீர் மின்னுகிறது. பிரிண்ட் போட்டுக் காயவைத்தேன். அந்தக் கோட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. நெகடிவில் தூசி ஒட்டினால் பிரிண்டில் இப்படித்தான் வெள்ளையாக விழும், அதைச் சாம்பல் மை தொட்டு மறைப்பது எனக்குக் கை வழக்கம். தொட்ட பிரஷோடு குனிந்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். புள்ளிக்குக் கீழே ரெண்டு கால் இருந்தது. கொக்கு.

இங்க பாரேன் என்று அவர் சொன்ன மாதிரியே இருந்தது. சாவு வீட்டில் எல்லோரும் பார்க்க நான் அழவில்லை, கல்நெஞ்சுக்காரி என்று அவர் உறவில் சிலர் முணுமுணுத்தார்கள். அந்தச் சிவப்பு விளக்கு அறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுது தீர்த்தேன்.

அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்து, காரியத்தன்று கூடத்தில் மாட்டினேன். பாவா வந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு தொறக்கச் சொன்னீங்களே பாவா. அவரு கண்ண எனக்கு எழுத வரல. இது அவரு கண்ணு கடைசியா பாத்தது. எனக்கு இதான் வேணும்."

பாவா கோபக்காரர். விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல். கத்தப்போகிறார் என்று நின்றேன். அவர் அந்தக் கண் மூடிய படத்தை மேஜையிலிருந்து எடுத்து, துண்டில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மாலையை எடுத்துவரச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் ஏரிக்கரை அண்ணன் உள்ளே வந்தார். துக்கம் கேட்டுவிட்டு நிமிர்ந்தவர் படத்தைப் பார்த்தார், பாவா கையில் மாலையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். உயிரோடு இருக்கிறவர் படத்தில் விளையாட்டுக்குக்கூடப் பூ வைக்க மாட்டார்கள்.

"தப்பா நெனைக்காதம்மா," என்றார். "மாலை மட்டும் வோணாம். தண்ணி இல்லாம கெடக்குதே தவிர எங்க ஏரி இன்னும் சாவல."

இது ஏரிக்கில்லை, என் வீட்டுக்காரருக்கு என்று நான் சொன்னேன். அவர் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். நான் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்ததை அவர் வெறும் கண்ணால் கண்டுபிடித்தார்.

"கொக்கு நின்னுகினு கீதே. மீனு இல்லாத எடத்துல கொக்கு நிக்குமா? உயிரோட கீற ஏரிக்கு நீ மாலை போடுவியா, சொல்லு."

என் புருஷனுக்கு மாலை போட நான் உங்கள் ஏரியிடம் உத்தரவு கேட்க வேண்டுமா என்று வாய்வரைக்கும் வந்தது. ஷோகேஸ் கண்ணாடியைத் தொட்டு ஒற்றிக்கொண்ட அந்த அம்மாள் ஞாபகத்துக்கு வந்தாள். விழுங்கிக்கொண்டேன். ஏரி நிரம்பட்டும், நிரம்பிவிட்டால் அது செத்துவிட்டது என்று எவனும் நினைக்க மாட்டான், அன்றைக்கு நானே மாலை எடுத்து வருகிறேன், அப்போது தாராளமாகப் போடு என்று அண்ணன் சொன்னார். பாவா மாலையைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டார். படத்துக்குக் கீழே விளக்கை மட்டும் ஏற்றினோம்.

அப்படித்தான் எங்கள் கூடத்தில் அவர் மாலை இல்லாமல், பொட்டு இல்லாமல் தொங்கினார். புதிதாக வருகிறவர்கள் காலண்டர் படம் என்று நினைத்துக்கொள்வார்கள். எப்போது போனார், எப்படிப் போனார் என்று யாரும் கேட்கவில்லை. முதலில் அது எனக்குக் குறையாக இருந்தது, பிறகு சுகமாகிவிட்டது. ஸ்டுடியோவை நானே பார்த்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? பள்ளிக்கூடப் படம், மொட்டைக் குழந்தைகள், பாஸ்போர்ட் சைஸ், இவை போதும். ரோலில் மிஞ்சினால் கடைப் பூனையை எடுத்துத் தீர்த்தேன். வேலை முடித்துக் கூடத்துக்கு வந்து, இன்றைக்கும் பூனைதான் என்று அந்தப் படத்திடம் சொல்வேன். மாலை ஏறாதவரைக்கும் அவர் எங்கேயோ வெளியூர் விசேஷத்துக்குப் போயிருக்கிறார், அடுத்த பஸ்ஸுக்கு வந்துவிடுவார் என்று ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்துதான் இருந்தேன்.

அதனால் ஊரெல்லாம் மழைக்கு ஏங்கியபோது எனக்குப் பயமாக இருந்தது. மலைமேல் மேகம் கட்டினால் எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார், நான் உள்ளே போய்விடுவேன். ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறினால், காவடி எடுத்து வந்தவர்கள் மழை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் அவர்கள் நடுவில் கை கூப்பி நிற்பேன். மழை வேண்டாம் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. வேண்டும் என்று கேட்கவும் வாய் வரவில்லை. சும்மா நின்றுவிட்டு இறங்கிவிடுவேன்.

வந்தது. ஒரு ஐப்பசியில் புயல் பிடித்து, இரவும் பகலும் கொட்டியது. ரயில் நின்றது, பள்ளிப்பட்டு ரோடு அறுந்துபோனது. தெருவில் முழங்கால் தண்ணீரில் ஜனங்கள் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். அத்தனை பேர் சந்தோஷத்திலும் நான் ஒருத்திதான் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த மழையைத் திட்டினேன்.

பஸ் மறுபடி ஓட ஆரம்பித்த அன்றைக்கே அண்ணன் வந்துவிட்டார். வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு, கையில் வாழை இலையில் சுற்றிய மாலை. பெரிய சந்தோஷத்தைத் துக்க வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல் வாசற்படியில் தயங்கினார். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். ஏரி எப்படி இருக்கிறது என்று நானே கேட்டேன். கேட்டதுதான் தாமதம், மடை திறந்த கதையாகச் சொல்ல ஆரம்பித்தார். கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நிற்கிறது, கலங்கலில் வழிகிறது, பசங்கள் மீன் பிடிக்கிறார்கள், எங்கிருந்தோ கூட்டம் கூட்டமாகப் பறவை வந்து இறங்குகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர், படத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அவரு இருந்திருந்தா, தண்ணில எறங்கி நின்னுகினு எடுத்திருப்பாரும்மா."

இருந்திருந்தால். இத்தனை நாளாக அந்த வார்த்தையை என் காதுபட யாரும் சொல்லவில்லை, நான் சொல்ல விடவும் இல்லை. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. நான் தலையை ஆட்டினேன்.

அண்ணன் இலையைப் பிரித்தார். சம்பங்கி மாலை, நடுவில் அவர் ஏரியில் பறித்த அல்லி ஒன்று. நீங்களே போடுங்கள் என்றேன். அது உன் கையால்தான் போட வேண்டும் என்று நீட்டினார். முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினேன். சட்டத்தின் ரெண்டு மூலையிலும் மாட்டி விட்டதும் மாலை தழைந்து வந்து, அல்லி சரியாக அந்தக் கொக்கின் மேல் உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் பார்த்தால் பொறுக்க மாட்டார். பூவை மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, முக்காலிமேல் நின்றபடியே கேட்டேன்.

"கொக்கு தெரியுதாண்ணா?"

"ஆங்," என்றார். "தெரியுதும்மா."